துணிக்கொட்டகைக்கு இத்தனை காசா? - சஃபாரிக் கூடாரத்தின் பூர்வீகம்

செங்கல்லும் சிமெண்ட்டும் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்துட்ட காலம் இது. ஆனா ஆப்பிரிக்கக் காட்டுல ஒரு ராத்திரி தங்கறதுக்கு நூத்துக்கணக்கான டாலர், சில இடத்துல ஆயிரத்துக்கும் மேல வாங்கிட்டு, நம்மளைத் துணிக் கூடாரத்துலதான் படுக்க வைக்கிறாங்க. சுவர் கித்தான், கதவுக்கு ஜிப்பு. வெளியே நீர்யானை உறுமினா காதுக்குப் பக்கத்துல கேக்குது. உள்ளே போனா பெரிய மரக்கட்டில், வெள்ளை வெளேர்னு விரிப்பு, உக்காந்து எழுத மேசை, பின்பக்கம் ஃப்ளஷ் வச்ச கழிப்பறை.

கூடாரம்னா நம்ம ஊர்ல சர்க்கஸ், இல்லேன்னா டூரிங் டாக்கீஸ். வசதி இல்லாததோட அடையாளம். அதே கூடாரம் கென்யாவுலயும் தான்சானியாவுலயும் எப்படி ஆடம்பரத்தோட அடையாளமாச்சு? இதுதான் இன்னிக்குக் கேள்வி. கொஞ்சம் நீளமான சமாச்சாரம், காபியோட உக்காருங்க :-)

வேலை விஷயமா சில மாசம் நைரோபியில இருந்தப்போ, கூட வேலை பார்க்கிற மூணு பேரோட சேர்ந்து மசாய் மாரா பக்கம் அப்படி ஒரு முகாம்ல ரெண்டு ராத்திரி தங்கினேன். மழைக்காலம்ங்கறதால கட்டணம் குறைவு, அதனாலதான் நமக்கெல்லாம் கட்டுப்படியாச்சு. சிங்கம் பார்த்த கதை, சிவிங்கிப்புலி பார்த்த கதை எல்லாம் சொல்லப்போறதில்லை. அதை எழுத நிறைய பேர் இருக்காங்க. எனக்கு அந்தக் கூடாரம்தான் மண்டையைக் குடைஞ்சுது. திரும்பி வந்ததும் கிடைச்ச புத்தகங்களைத் தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க, கூடாரத்தோட கதையை விட அதைத் தூக்கிச் சுமந்தவங்க கதைதான் பெருசா இருந்தது.

சஃபாரின்னா என்ன?

சஃபாரின்னதும் நம்ம தலைமுறைக்கு முதல்ல ஞாபகம் வர்றது சஃபாரி சூட். எண்பதுகள்ல பேங்க் மேனேஜர், மஃப்டி போலீஸ், கல்யாண வீட்டு மாமா எல்லாரும் மாட்டிக்கிட்டுத் திரிஞ்ச அதே உடுப்பு. சொல் என்னவோ சுவாஹிலி மொழி. பயணம்னு மட்டும்தான் அர்த்தம். அரபு மொழியின் 'சஃபர்'லேருந்து வந்தது, ஹிந்திப் பாட்டுகள்ல வர்ற அதே சஃபர். பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனாலும் சுவாஹிலியில் அது சஃபாரிதான். மிருகம், துப்பாக்கி, தொப்பி எதுவும் அந்தச் சொல்லுக்குள்ள கிடையாது.

19ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவில் சஃபாரின்னா வணிகக் கூட்டம். சான்சிபார் தீவுக்கு எதிர்க்கரையில இருக்கிற பகமோயோ மாதிரி ஊர்கள்லேருந்து துணி, பாசிமணி, உலோகக் கம்பி எல்லாம் உள்நாட்டுக்குப் போகும். திரும்பி வரும்போது யானைத்தந்தம் வரும். அடிமைகளாப் பிடிபட்ட மனுஷங்களும் அதே பாதையில கடற்கரைக்கு நடத்திக்கொண்டு வரப்பட்டாங்க.

அத்தனை சுமையும் மனுஷன் தலையிலயும் தோள்லயும்தான். ஏன், மாட்டு வண்டி இல்லையா, குதிரை இல்லையான்னு கேட்டா, காரணம் ஒரு ஈ. ட்ஸெட்ஸி ஈ. அது கடிச்சா 'நகானா'ன்னு ஒரு நோய் வந்து மாடும் குதிரையும் செத்துப்போயிடும். அதனால நூத்துக்கணக்கான மைல் தூரத்துக்கு வண்டித்தடமே உருவாகலை, ஒத்தையடிப் பாதைதான்.

இந்தத் தொழில்ல பேர்போனவங்க நியாம்வேசி மக்கள். இன்னிக்குத் தான்சானியாவோட நடுமேற்குப் பகுதி அவங்க பூமி. கூலி பேசி, சுமை பார்த்து, ஒத்துக்கிட்டு வர்ற தொழில்காரங்க இவங்க. கடற்கரைக்குப் போய்த் திரும்பி வந்தவன்தான் ஆம்பளைன்னு ஊருக்குள்ள ஒரு மரியாதை கூட இருந்ததாம். அடிமைக் கூட்டத்தையும் இவங்களையும் ஒரே கணக்குல சேர்த்துடக்கூடாது.

இங்கே நம்ம நாட்டுக்காரர் ஒருத்தர் வர்றார். சேவா ஹாஜி பாரூ. இஸ்மாயிலி வணிகர். பகமோயோவில் கடை வச்சு, உள்நாட்டுக்குப் போற வெள்ளைக்காரப் பயணிகளுக்குச் சரக்கும் ஆளும் சேர்த்துக் கொடுக்கிறதுதான் வியாபாரம். புத்தகங்கள்ல வீரப் பயணிகளாத் தெரியற ஸ்டான்லி போன்றவங்களுக்குச் சுமைதூக்கிகளை ஏற்பாடு பண்ணினவர் இவர். இன்னிக்கு மொழியில சொன்னா முதல் தலைமுறை டூர் ஆப்பரேட்டர் :-) சம்பாதிச்சதுல ஒரு பங்கை ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்துட்டுப் போனார். தார் எஸ் ஸலாம் ஊரின் பெரிய அரசு மருத்துவமனையில அவர் பேர்ல ஒரு பகுதி உண்டு.

60 பவுண்டு

ஒரு ஆளுக்கு ஒரு சுமை. 60 பவுண்டு, அதாவது நம்ம கணக்குல 27 கிலோ. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல இதுதான் அங்கே வழக்கமான அளவா இருந்தது. கட்டில், தொட்டி, பாத்திரம், மாவு மூட்டை, மதுப்புட்டி எதுவா இருந்தாலும் 60 பவுண்டுப் பொட்டலமாப் பிரியணும். கூடாரமும் அப்படித்தான். பெரிய கூடாரமா, அப்போ துணி ஒருத்தர் தலையில, கம்பு இன்னொருத்தர் தோள்ல.

இப்போ ஒரு மனக்கணக்குப் போடுங்க. துரைக்கு ஒரு வசதி கூடினா, பாதையில ஒரு ஆள் கூடுவார். அந்த ஆளுக்குச் சாப்பாடு வேணும், அதைத் தூக்க இன்னொரு ஆள். ஆக ஒரு சஃபாரியோட ஆடம்பரத்தை அளக்கறதுக்கு அன்னிக்கு ஒரே அளவுகோல், எத்தனை தலைங்கறதுதான்.

இவங்களுக்குக் கூலி எதுல தெரியுமோ? ரூபாயில! 1920 வரைக்கும் ஆங்கிலேயக் கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்திய ரூபாய்தான் நாணயம், 15 ரூபாய் ஒரு பவுண்டு. ரூபாய் போயிடுச்சு, சொற்கள் தங்கிடுச்சு. சுவாஹிலியில் பணத்துக்கு 'பெசா', நம்ம பைசாதான். வண்டிக்கு 'காரி', துணி வெளுக்கிறவருக்கு 'டோபி', ரொட்டிக்கு 'சப்பாத்தி'. குதிரைக்காரரை வெள்ளைக்காரங்க அங்கேயும் 'சைஸ்'னுதான் கூப்பிட்டாங்க, இந்தியாவுல கூப்பிட்ட மாதிரியே. இந்தியாவுல கலெக்டர் துரை ஜில்லா சுத்தறப்போ தோப்புல கூடாரம் அடிச்சு, கட்டில் மேசையோட தர்பார் நடத்தினாரே, ("ஐயா கேம்ப் போயிருக்கார்"னு ஆபீஸ்ல இன்னமும் சொல்றோமே), அந்தப் பழக்கத்தோட வாசனை ஆப்பிரிக்கக் கூடாரத்துல நல்லாவே அடிக்குது.

ரயில் வந்தது, ரூஸ்வெல்ட் வந்தார்

1896ல மொம்பாசாவுலேருந்து உகாண்டா ரயில்பாதை போட ஆரம்பிச்சாங்க. இந்தியாவுலேருந்து சுமார் 32,000 தொழிலாளர்கள். பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்து ஆளுங்க. ஏறத்தாழ 2,500 பேர் திரும்பி வரவேயில்லை. 1898ல சாவோ ஆத்துப் பாலத்துல ரெண்டு சிங்கம் ஆளுங்களைத் தின்ன கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1899ல தண்டவாளம் ஒரு சதுப்பு வெளிக்கு வந்து சேர்ந்தது. ரயில் முகாமாப் போட்ட அந்தக் கூடாரங்கள்தான் நைரோபி. ஆமாங்க, அந்த நகரமே கூடாரத்துல பிறந்தது. 1901 கடைசியில பாதை விக்டோரியா ஏரியைத் தொட்டது.

ரயில் வந்ததும் ஐரோப்பியப் பணக்காரங்களுக்குக் காடு பக்கத்துல வந்துடுச்சு. கப்பல்ல மொம்பாசா, ரயில்ல நைரோபி, அங்கேயே எல்லா ஏற்பாடும் பண்ணித்தர கம்பெனி. 1909ல அமெரிக்க ஜனாதிபதி பதவியிலேருந்து இறங்கின கையோட, ஏப்ரல் மாசம் தியோடர் ரூஸ்வெல்ட் வந்து இறங்கினார். கூட மகன் கெர்மிட். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேகரிக்கிற பயணம்னு பேர். ரயில் எஞ்சினுக்கு முன்னாடி பலகை போட்டு அதுல உக்காந்து வேடிக்கை பார்த்துக்கிட்டே போனாராம்.

அவரோட சஃபாரியில சுமைதூக்கிகள் சுமார் 250 பேர். அது போக மேஸ்திரி, துப்பாக்கியோட காவல்காரங்க, துப்பாக்கி தூக்கறவங்க, கூடாரப் பையன்கள், சமையல்காரங்க, குதிரைக்காரங்க. தோல் பதப்படுத்த மட்டும் நாலு டன் உப்பு! எனக்குப் பிடிச்ச தகவல் ஒண்ணு. மனுஷர் பெரிய படிப்பாளி. ஓரங்களை வெட்டிப் பன்றித்தோல் அட்டை போட்ட சுமார் 60 புத்தகங்களை ஒரு பெட்டியில வச்சுக் காடெல்லாம் எடுத்துட்டுப் போனார். பெட்டியோட எடை 60 பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே. அதாவது ஒரு மனுஷனோட வேலை, முன்னாள் ஜனாதிபதியோட நூலகத்தைத் தலையில வச்சுக்கிட்டு நடக்கிறது. புத்தகப் பைத்தியங்களான நாம இந்த இடத்துல ரூஸ்வெல்ட்டைப் பார்த்துப் பொறாமைப்படறதா, அந்த ஆளைப் பார்த்துச் சங்கடப்படறதான்னு எனக்கு இன்னும் முடிவாகலை.

1910 மார்ச்சுல பயணம் கார்ட்டூமில் முடியறப்போ அப்பாவும் மகனும் சுட்டது 512 மிருகங்கள். அதுல சிங்கம் 17, யானை 11, காண்டாமிருகம் 20. அவர் எழுதின பயணப் புத்தகம் அந்த வருஷமே வந்தது. அதுக்கப்புறம் காசு இருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு தரமாவது சஃபாரி போகணும்னு ஆசை. 'பெரிய ஐந்து'ன்னு இன்னிக்கு டூரிஸ்ட் எல்லாம் பட்டியல் போட்டுத் தேடறாங்களே, சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமைன்னு, அதுவும் வேட்டைக்காரங்க போட்ட பட்டியல்தான். நடந்து போய் வேட்டையாட ரொம்ப ஆபத்தான ஐந்துன்னு அர்த்தம். அழகுக்குப் போட்ட பட்டியல்னா காட்டெருமை எப்படி உள்ள வரும்!

நான் படுத்த கூடாரம்

இப்போ நான் தங்கின முகாமுக்கு வர்றேன்.

காலைல அஞ்சரைக்குக் கூடாரத்துக்கு வெளியே ஒரு குரல், "குட் மார்னிங்". தட்டுல தேத்தண்ணியும் பிஸ்கட்டும். சாயந்திரம் ஆனா, "குளிக்க எத்தனை மணிக்கு வெந்நீர் வேணும்?"னு கேட்பாங்க. சொன்ன நேரத்துக்கு ஒருத்தர் வாளியில வெந்நீர் கொண்டுவந்து, கூடாரத்துக்குப் பின்னாடி தொங்கற பையில ஊத்திட்டு, "தயார்"னு குரல் கொடுப்பார். கயித்தை இழுத்தா தலைக்கு மேல ஷவர். ஒரு வாளிதான், சோப்பு போடறப்போ மூடிக்கணும். ராத்திரி படுக்கையைத் தொட்டா ஏதோ உசிரோட கதகதன்னு இருக்கு. தூக்கிவாரிப் போட்டுடுச்சு. பார்த்தா வெந்நீர் ரப்பர் பை :-) இருட்டினப்புறம் தனியா நடக்கக்கூடாது. டார்ச்சும் ஈட்டியுமா காவல்காரர் வந்து கூட்டிட்டுப் போவார். அவருக்குப் பேர் 'அஸ்காரி'. ரூஸ்வெல்ட் காலத்துல துப்பாக்கியோட வந்த காவலாளுக்கும் அதே பேர்தான்.

ஒண்ணொண்ணாப் பாருங்க. விடியக்காலைத் தேத்தண்ணி, வேட்டைக்கு இருட்டோட கிளம்பறவனுக்குக் கொடுத்தது. வாளி வெந்நீர், குழாய் இல்லாத இடத்துல ஆள் சுமந்த வெந்நீர். நடுவுல நெருப்பு மூட்டிச் சுத்தி நாற்காலி போடறது, அன்னிக்குக் கொன்ன கதையைப் பேச. சூரியன் இறங்கறப்போ கையில கோப்பை, அதுவும் அதே. இன்னிக்கு சோலார் தகடு இருக்கு, தண்ணி சூடாக்க எத்தனையோ வழி இருக்கு. இருந்தும் வாளியைத் தூக்கிட்டு ஒரு ஆள் வரணும். வசதியோட அளவுகோல் மாறவேயில்லை, எத்தனை பேர் நமக்காக நடக்கறாங்கங்கறதுதான். நான் தங்கின முகாம்ல விருந்தாளிகளை விட வேலைக்காரங்க எண்ணிக்கை கூடுதல்.

கூடாரத்துக்கு இன்னிக்கு நியாயமான காரணமும் உண்டு, அதையும் சொல்லிடணும். பல காப்பகங்கள்ல நிரந்தரக் கட்டடத்துக்கு அனுமதி சுலபமாக் கிடைக்காது. கூடாரம்னா கழட்டி எடுத்துட்டா மண்ணுல பெரிய தழும்பு இருக்காது. செரெங்கெட்டியில காட்டுமாட்டு மந்தையைத் தொடர்ந்து வருஷத்துக்கு ரெண்டு மூணு இடம் மாத்தற முகாம்கள் கூட இருக்கு.

சுமைதூக்கிகள் எங்கே போனாங்க?

1920கள்ல லாரியும் காரும் வந்து தலைச்சுமையை முடிச்சு வச்சதுன்னு பொதுவாச் சொல்லிடுவாங்க. நடுவுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு, முதல் உலகப்போர்.

1914 முதல் 1918 வரைக்கும் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவுல ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் சண்டை போட்டாங்க. (நவம்பர் 1914ல டாங்கா துறைமுகத்துல தோத்துத் திரும்பின இந்தியப் படையில '63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி'யும் ஒண்ணு. திருநெல்வேலிக்காரங்க குறிச்சு வச்சுக்கோங்க.) ரோடு கிடையாது, ட்ஸெட்ஸி ஈ உண்டு. ஆக குண்டும் மருந்தும் அரிசியும் மறுபடி மனுஷன் தலையில. ஆங்கிலேயர் இதுக்குன்னே 'கேரியர் கோர்'னு ஒரு அமைப்பு வச்சாங்க. சஃபாரிக்குக் கூலி பேசி வந்த மாதிரி இல்லை இது. கிராமம் கிராமமாப் போய்க் கட்டாயமா ஆள் பிடிச்சாங்க. ஆங்கிலேயர் பக்கம் மட்டும் 90,000 பேருக்கு மேல செத்ததா வரலாற்றாசிரியர்கள் கணக்கு. பெரும்பாலும் குண்டடி பட்டு இல்லை. வயித்துப்போக்கு, மலேரியா, பட்டினி.

நைரோபியில கரியாகோர்னு ஒரு சந்தை. கூடை, பை, வறுத்த கறின்னு கூட்டம் அலைமோதும். தார் எஸ் ஸலாமுல கரியாகூன்னு ஒரு வட்டாரம், நம்ம பாரிமுனை மாதிரி நெரிசல். ரெண்டு பேரும் 'கேரியர் கோர்' சுவாஹிலி வாயில உருண்டு வந்த பேர்தான். அந்தச் சுமைதூக்கிகள் தங்கின முகாம் இருந்த இடங்கள் அவை. நைரோபி பெரிய சாலையில 1920கள்ல வச்ச மூணு வெண்கலச் சிலையில ஒண்ணு சுமைதூக்கி. செத்த பெரும்பாலானவங்களுக்குத் தனியா ஒரு கல்லறை கூடக் கிடையாது. ஊர்ப்பேராத்தான் மிச்சம் இருக்காங்க.

துப்பாக்கி போய் கேமரா

அப்புறம் நடந்தது வேகமா நடந்தது. 1928ல வேல்ஸ் இளவரசர் சஃபாரி வந்தார். கூட்டிட்டுப் போனவர் டெனிஸ் ஃபின்ச் ஹாட்டன். வேட்டைக்காரர்தான். ஆனா கார்ல உக்காந்துக்கிட்டே சிங்கங்களைச் சுட்டுத் தள்ளறதைப் பார்த்துக் கொதிச்சு லண்டன் பத்திரிகையில எழுதினார். அதே காலத்துல மார்ட்டின் ஜான்சனும் ஓசா ஜான்சனும் கேமராவைத் தூக்கிட்டு வந்து படம் எடுத்துக் காட்டினாங்க. 1946ல நைரோபி, 1948ல சாவோ, 1951ல செரெங்கெட்டின்னு தேசியப் பூங்காக்கள் வந்தன. 1972ல மாரா ஆத்தங்கரையில, முன்னாடி ஆங்கிலேய கவர்னர்கள் கூடாரம் போட்ட இடத்துலயே 'கவர்னர்ஸ் கேம்ப்' ஆரம்பிச்சாங்க. நிலையா ஒரே இடத்துல நிக்கிற கூடார முகாம்களுக்கு அது முன்னோடி.

1977ல கென்யா வேட்டைக்கு முழுத் தடை போட்டது. தொழில்முறை வேட்டைக்காரங்க ஒரே நாள்ல வேலை இழந்தாங்க. சிலர் பக்கத்து நாடுகளுக்குப் போனாங்க. மத்தவங்க அதே கூடாரம், அதே சமையல்காரர், அதே தேத்தண்ணியை வச்சுக்கிட்டு, துப்பாக்கியை மட்டும் எடுத்துட்டுக் கேமராக்காரங்களுக்கு விருந்து வைக்க ஆரம்பிச்சாங்க.

1985ல 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' படம் வந்தது. காரென் பிளிக்ஸன் 1937ல எழுதின புத்தகம். ஏழு ஆஸ்கார். காட்டு நடுவுல கிராமபோன், பித்தளை விளக்கு, வெள்ளைத் துணி மூடின சாப்பாட்டு மேசை. அதுக்கப்புறம் எந்த முகாமுக்குப் போனாலும் தோல் வார் போட்ட பழைய டிரங்குப் பெட்டி ஒண்ணு கண்டிப்பா இருக்கும். நான் தங்கின கூடாரத்துலயும் இருந்தது. திறந்து பார்த்தேன், உள்ளே மினரல் வாட்டர் பாட்டில் :-)

காலி நிலமா?

எல்லாத்தையும் விட எனக்கு உறுத்தினது, அந்தப் புல்வெளி எப்பவும் 'காலி'யா இருந்த மாதிரி எல்லா விளம்பரமும் பேசறதுதான்.

1890கள்ல ரிண்டர்பெஸ்ட்னு ஒரு மாட்டு நோய் கிழக்கு ஆப்பிரிக்காவைத் துடைச்சுப் போட்டது. இந்தியாவுலேருந்து எரித்ரியாவுக்குக் கொண்டுபோன மாடுகளோட அது ஆப்பிரிக்காவுக்குள்ள வந்ததுங்கறது பரவலான கருத்து. பல இடங்கள்ல பத்துல எட்டு, ஒன்பது மாடு போச்சு. மாடுதான் சோறு, மாடுதான் சொத்துன்னு வாழ்ந்த மாசாய் மக்கள் பட்டினியாலயும் பெரியம்மையாலயும் கொத்துக் கொத்தாச் செத்தாங்க. மேயறதுக்கு மாடில்லாம புல்வெளியில புதர் மண்டிச்சு, புதரோட ட்ஸெட்ஸி ஈயும் பரவிச்சு. ரயில்ல வந்து இறங்கின வெள்ளைக்காரங்க பார்த்து, ஆஹா, மனுஷன் கால் படாத காடுன்னு நினைச்ச நிலம் இதுதான். சமீபத்துல சாவு விழுந்த வீட்டைப் பார்த்து யாரும் குடியிருக்கலைன்னு எழுதிக்கிட்ட மாதிரி.

1904ல ஒரு ஒப்பந்தம். ரயில் பாதையை ஒட்டின நல்ல மேய்ச்சல் நிலத்தை வெள்ளைக்காரக் குடியேறிகளுக்கு விட்டுட்டு, மாசாய் மக்கள் வடக்கே லைக்கிப்பியா, தெற்கே ஒண்ணுன்னு ரெண்டு ஒதுக்கிடங்களுக்குப் போகணும். மாசாய் இனம் இருக்கிற வரைக்கும் இது செல்லும்னு வாக்கு. ஏழே வருஷம். 1911ல லைக்கிப்பியாவும் வேணும்னு இன்னொரு ஒப்பந்தம், எல்லாரும் தெற்கே நடக்கணும். மாசாய் மக்கள் 1913ல கோர்ட்டுக்கே போனாங்க. ஒப்பந்தம் ரெண்டு அரசுகளுக்கு நடுவுல போட்டது, இதை விசாரிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லைன்னு வழக்கு தள்ளுபடி. அவங்க நிலத்தை எடுக்கறப்போ குடிமக்கள், கேள்வி கேக்கறப்போ மட்டும் வேற நாட்டுக்காரங்க!

அடுத்து பூங்காக்கள். 1958ல கையெழுத்து வாங்கி, 1959ல செரெங்கெட்டியிலேருந்து மாசாய் குடும்பங்களை ங்கொரோங்கொரோ பக்கம் அனுப்பினாங்க. அங்கே மனுஷனும் மாடும் மிருகமும் சேர்ந்து இருக்கலாம்னு ஏற்பாடு. அதுவும் நிலைக்கலை. 2022 ஜூன்ல லோலியோண்டோவுல சுமார் 1,500 சதுர கிலோமீட்டரைக் காப்பகமா எல்லைக்கல் நடப்போனப்போ மோதல் வெடிச்சு ஒரு போலீஸ்காரர் செத்தார், மாசாய் மக்கள் பலருக்குக் காயம். ங்கொரோங்கொரோவிலிருந்தும் தூரத்து ஊருக்குக் குடிபெயர்க்கிற வேலை நடந்தது. விருப்பப்பட்டுத்தான் போறாங்கன்னு அரசாங்கம் சொன்னது, இல்லைன்னு அங்கிருந்து நிறைய குரல் வந்தது.

வந்துட்டுப் போறவன் நான், மண்ணுல தழும்பு வைக்க மாட்டேன்னு சொல்லாமச் சொல்றது கூடாரம். ஆனா அந்த மண்ணுல கூடாரக்காரங்க நூறு வருஷமா நிக்கிறாங்க. மாட்டோட அலைஞ்சு வாழ்ந்தவங்களைத்தான் 'நிரந்தரம் இல்லாதவங்க'ன்னு சொல்லி நகர்த்திக்கிட்டே இருந்திருக்காங்க.

ஒரு கூடாரத்துக்கு 700 ஏக்கர்

இதுல கொஞ்சம் வெளிச்சமான பக்கமும் இருக்கு. மாரா காப்பகம் சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். அதைச் சுத்தி இருக்கிற நிலத்துல மாசாய் குடும்பங்களுக்குத் தனித்தனியாப் பட்டா இருக்கு. 2005, 2006 வாக்குல அந்தப் பட்டாதாரர்கள் சேர்ந்து நிலத்தை ஒண்ணாக்கி, முகாம்களுக்குக் குத்தகைக்கு விட ஆரம்பிச்சாங்க. 'கன்சர்வன்சி'ன்னு பேர். 2010ல வந்த நபோய்ஷோவுல மட்டும் 500க்கு மேற்பட்ட நில உரிமையாளர்கள். இந்த மாதிரி சில இடங்கள்ல ஒரு கூடாரத்துக்கு 700 ஏக்கர்னு வரம்பு வச்சிருக்காங்க. கூட்டம் சேரக்கூடாது, அதே சமயம் குத்தகைப் பணமும் தேறணும். துணிக்கொட்டகைக்கு ஏன் இத்தனை காசுங்கற கேள்விக்குப் பாதி பதில் இங்கேதான் இருக்கு. கட்டிலுக்கு மட்டும் காசு கொடுக்கலை, 700 ஏக்கரைச் சும்மா போட்டு வைக்கிறதுக்கும் சேர்த்துக் கொடுக்கறோம்.

என்னை ராத்திரி கூடாரத்துக்குக் கூட்டிட்டுப் போன அஸ்காரிக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். வயசானவங்களை அங்கே மரியாதையா 'ம்ஸே'ன்னு கூப்பிடணும், பெரியவரேங்கற மாதிரி. "ம்ஸே, இந்த நிலம் யாரோடது?"ன்னு கேட்டேன். டார்ச்சைத் திருப்பி இருட்டுல ஒரு பக்கமா அடிச்சுக் காட்டி, "அந்த மரத்துலேருந்து அந்தண்டை கொஞ்சம் என்னோடது"ன்னார். குத்தகைப் பணம் போனுக்கே வந்துடுமாம், எம்-பெசாவுல. (நம்ம பைசா மறுபடியும்!) காவல் சம்பளம் தனி. நல்லதுதானேன்னேன். "நல்லதுதான். 2020ல யாரும் வரலை, பணம் குறைஞ்சுது. மழை பொய்ச்சா இங்கே மேய்க்கக் கேட்கணும், என் நிலம்தான், ஆனா கேட்கணும்"னார். கோபமா எல்லாம் சொல்லலை. அடுத்த நிமிஷமே, "அங்கே கழுதைப்புலி, சத்தம் போடாதீங்க"ன்னுட்டார்.

சரி தப்புன்னு ஒரே வரியில தீர்ப்பு சொல்ல எனக்குத் தோணலை. கூடாரமே வேண்டாம்னா அந்த நிலத்துல வேலியும் கோதுமையும் வரும். காட்டுமாட்டுக்கும் வழி இருக்காது, அந்தப் பெரியவருக்கும் குத்தகை இருக்காது. 1911ல நடத்திக் கூட்டிட்டுப் போனவங்களோட பேரப்பிள்ளைகளுக்கு, நிலத்துக்கு வாடகைன்னு ஒண்ணு இப்போதான் கைக்கு வருது. அதுவும் வெளிநாட்டு விருந்தாளி வந்தாத்தான் வருதுங்கறது பலவீனம்தான், மறுக்கலை.

நீங்க யாராவது அந்தப் பக்கம் போற யோசனையில இருந்தா, முகாமைப் பதிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு மின்னஞ்சல் தட்டுங்க. சிங்கம் தெரியுமா, வைஃபை உண்டான்னு கேக்கறதோட, இந்த நிலம் யார் பேர்ல இருக்கு, குத்தகை யாருக்குப் போகுது, மழை பொய்ச்ச வருஷத்துல அவங்க மாடு எங்கே மேய்ஞ்சுதுன்னும் கேளுங்க. நல்லா நடத்தறவங்க சந்தோஷமாவே விவரமாப் பதில் போடுவாங்க. பதில் சுத்தி வளைச்சு வந்தா, வேற முகாம் பாருங்க. நைரோபியில ஒரு நாள் கையில இருந்தா, கரியாகோர் சந்தைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடுங்க. கூடை நல்லா இருக்கும், பேரம் பேசலாம்.